மப்பு நாளில் கறுப்பு வெள்ளை: எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எதற்காக நிற்கிறீர்கள்?

குளக்கட்டு:

கார்த்திகையில் நாலு விடியற்காலை எங்கள் ஊர்க் குளத்துக் கட்டின் (அணைக்கரையின்) மேல் நின்று, ஒரேயொரு படத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். கிளிநொச்சிக்குத் தெற்கே உள்ள சின்னக் குளம். நாலு நாளும் வானம் முழுக்க மப்பு, சூரியன் எந்தப் பக்கம் என்று போனைப் பார்த்துத்தான் சொல்லலாம். எங்கள் படம் எடுக்கிற கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் மாரி முடியட்டும், தை பிறந்தால் வெயில் வரும், அப்போது போவோம் என்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய மப்பும் மழையும்தான், குளத்தில் தண்ணீர் ஏறுவதும் அப்போதுதான். வெயிலுக்காக ஆவணி வரைக்கும் காத்திருந்தால் எடுக்கக் கிடைப்பது வெடித்த சேறு.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நான் எடுக்க நினைத்த படத்தில் மூன்று அடுக்கு இருக்கிறது. முன்னால் தண்ணீர். நடுவில் தண்ணீருக்குள்ளேயே பட்டுப்போய் நிற்கிற ஐந்து மரம். பின்னால் அக்கரைக் காடு. கண்ணுக்கு மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, கமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்தால் ஒரே கஞ்சி. மரத்தின் சாம்பலும் காட்டின் சாம்பலும் ஒன்றாகிவிடுகின்றன.

முதல் இரண்டு நாளும் முகில் விலகும் என்றுதான் நின்றேன். இரண்டாம் நாள் விலகவும் செய்தது, ஒரு நிமிடம்கூட இருக்காது. அவசரத்தில் பதினொரு படம் அடித்தேன். பதினொன்றும் வீண். வெயில் கரையோரப் புல்லில் மட்டும் விழுந்து, பார்க்கிறவரின் கண்ணை அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் வாடைக்காற்று. கமராவை வெளியிலேயே எடுக்கவில்லை.

நாலாம் நாள்தான் விளங்கியது. எங்கள் குளத்துக்குக் கட்டு வடக்குப் பக்கம், மழை வடகிழக்கில் இருந்து வரும். அதாவது என் முதுகுக்குப் பின்னால் வந்து, முதலில் என்னை நனைத்து, பிறகு குளத்துக்கு மேலாக அக்கரைக்குப் போகும். அன்றைக்கு வந்தது மெல்லிய தூறல். அது என்னைக் கடந்து போனதும் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தன. பட்ட மரங்கள் நனைந்து கறுத்தன. அதேநேரம் தூறல் மரத்துக்கும் காட்டுக்கும் நடுவில் திரையாக விழுந்து காட்டை வெளுக்கப் பண்ணிவிட்டது. வெயில் செய்யாததை மழை செய்தது! எனக்கு முன்னாலிருந்த தண்ணீரில் துளி விழுந்த புள்ளிகள் அடங்கும் வரை இன்னும் ஆறேழு நிமிடம் நின்றேன். பிறகு ஒரே அடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துவாரம்) 11, வெளிச்சத்தைக் குறைக்கிற ஆறு ஸ்டொப் என்டி ஃபில்டர் போட்டு 2 செக்கன். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது அல்லது இரட்டிப்பாகிறது. நடு மரத்தில் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்தபடி இருந்தது, அந்த 2 செக்கனும் அது அசையவில்லை.

இப்போது என் கேள்வி. மப்பு நாளில் நீங்கள் எதற்காகக் காத்து நிற்கிறீர்கள்? வெளிச்சத்துக்காக என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றில் இருந்து ஒன்று பிரிந்து தெரிகிற நேரத்துக்காக என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போவோம் என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பாலைப்பழம்:

அண்ணை, படம் பார்த்தேன், அந்த நீர்க்காகம் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். நான் போனில்தான் எடுக்கிறேன், ஒட்டுசுட்டான் பக்கம். மழை நாளில் எடுத்த நிறப் படம் சப்பென்று இருந்தால்தான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுகிறேன். மாற்றினதும் ஏதோ கனமாக, ஆழமாக இருக்கிற மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. பிறகு ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அதுவும் சப்பென்றுதான் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் தோற்றுப்போன நிறப் படத்துக்குத்தான் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுவிடுகிறோமா? அப்படியென்றால் காத்து நின்று என்ன பயன்?

பழைய ரோல்:

பிள்ளை, நல்ல கேள்வி. சட்டை போட்டுப் பார்க்கிறது என்று சொன்னீர்களே, அதுதான் நடக்கிறது, பத்தில் எட்டுப் படத்துக்கு.

நான் பிலிமில் படித்தவன், இப்போதும் மாதம் ஒரு ரோல் போடுவேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நாளில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே ஏழெட்டு ஸ்டொப் வித்தியாசம் சும்மா வரும். மப்பு நாளில் நிலத்தை மட்டும் பார்த்தால் நாலு, மிஞ்சினால் ஐந்து. வானத்தையும் சேர்த்தால் அது தனிக் கதை, மப்பு வானம் நிலத்தைவிட இரண்டு மூன்று ஸ்டொப் வெளிச்சமாக இருக்கும். ஆக, நிலத்தில் இருக்கிற அவ்வளவும் சாம்பலில் ஒரு சின்ன இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அமெரிக்கப் படக்காரர்கள் அன்செல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில் கறுப்பில் இருந்து வெள்ளை வரைக்கும் 0 தொடங்கி 10 வரை பதினொரு படி இருக்கிறது, நடுச் சாம்பல் 5. மப்பு நாளில் வன்னிக் காடு 3க்கும் 6க்கும் நடுவில் முடிந்துவிடும். அதை அப்படியே விட்டால்தான் சப்பென்று இருக்கும். இழுத்து விரிக்க வேண்டும். பிலிமில் என்றால் கழுவுகிற நேரத்தை 20, 25 சதவீதம் கூட்டுவோம், அதோடு வெளிச்சப் பக்கம் ஒரு படி மேலே போகும். டிஜிட்டலில் கேர்வை, அதாவது கணினியில் சாம்பலைக் கூட்டிக் குறைக்கிற கோட்டை, செங்குத்தாக்கலாம். ஆனால் விரித்தால் பெரிதாவது இருக்கிற வித்தியாசம் மட்டும்தான். மரமும் காடும் ஒரே சாம்பலாகப் பதிந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் இரண்டும் சேர்ந்தேதான் போகும். தம்பி நாலு நாள் நின்றது அந்த வித்தியாசம் பிறப்பதற்கு. அதைக் கணினிக்கு முன்னால் இருந்து பிறப்பிக்க முடியாது.

இன்னொன்று, கமராவில் வெளிச்சம் அளக்கிற மீற்றரை நம்பாதீர்கள். அதற்கு எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கித்தான் தரும். வெள்ளை வானம் படத்தில் பாதி இருந்தால் நிலத்தைக் கறுப்பாக்கிவிடும். ஒரு ஸ்டொப் கூட்டி எடுங்கள், வானம் கரைந்து போகாத அளவுக்கு. பிள்ளையின் போனிலும் திரையில் மரத்தைத் தொட்டுவிட்டு அந்தச் சூரியக் குறியை மேலே கீழே இழுக்கலாம்.

90களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் பட்டரி கிடையாது. என்னுடைய கமரா பட்டரி இல்லாமலே அடிக்கும், மீற்றர் மட்டும் செத்துக் கிடந்தது. வெயிலுக்கு எஃப் 16, மெல்லிய முகிலுக்கு 11, மப்புக்கு 8, மழை இருட்டுக்கு 5.6, செக்கன் பிலிம் வேகத்தின் அளவுக்கு, 100 பிலிம் என்றால் 1/100க்குக் கிட்ட. அந்தக் கணக்கு மட்டும்தான் கையில். ஒரு ரோல் கிடைத்தால் 36 படம், அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிப்போம். பொறுமை என்று அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் மப்புக்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். பாய் விரித்த மாதிரி ஒரே சீராக இருக்கிற முகில் ஒன்று. வயலில் பாத்தி கட்டின மாதிரி வரி வரியாக இருக்கிற முகில் இன்னொன்று. பாத்தி முகில் என்றால் வானத்தையும் சேர்த்து எடுப்பேன். பாய் முகில் என்றால் வானத்தை ஒரு விரல் அளவுக்குக் குறைத்துவிடுவேன், இல்லையென்றால் முழுதாக வெட்டிவிடுவேன்.

மாங்குளம்சந்தி:

மாஸ்டர் (உங்களை அப்படித்தான் கூப்பிடத் தோன்றுகிறது), படித்துக்கொண்டே போனேன், ஆசையாகவும் இருக்கிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. நான் டொரொண்டோவில் இருக்கிறேன். 2 கிழமை லீவு. அதில் சொந்தக்காரர் வீடு, கோயில், ஒரு கலியாணம், எல்லாம் போக எனக்கென்று கிடைப்பது மூன்று விடியற்காலை. போன முறை மூன்று நாளும் மப்பு. குளக்கட்டு மாதிரி நாலு நாள் ஒரு மரத்தைப் பார்த்து நிற்க எனக்கு எங்கே நேரம்? பக்கத்தில் குளம் இருக்கிறவர்களுக்குத்தான் பொறுமை சரிவரும். என் போன்ற ஆட்கள் வந்த நாளில் இருக்கிற வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

வானம் வெறும் வெள்ளையாக வருகிறது என்று சிவப்பு ஃபில்டர் வாங்கி மாட்டினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. வானம் அதே வெள்ளை, செக்கன்தான் நீண்டது. ஃபில்டரில் பிழையா, என்னில் பிழையா?

பழைய ரோல்:

இரண்டிலும் பிழை இல்லை. சிவப்பு ஃபில்டர் நீலத்தைத்தான் கறுப்பாக்கும். நீல வானத்தில் வெள்ளை முகில் நிற்கிறபோது நீலம் இருண்டு முகில் எழும்பும். மப்பு வானத்தில் நீலமே இல்லையே, எதைக் கறுப்பாக்குவது? மூன்று ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்றதுதான் மிச்சம். மப்புக்கு உதவுவது வேறு. மேலே இருண்டு கீழே வெளிறிப் போகிற கிராஜுவேட்டட் ஃபில்டர் ஒன்று, அது வானத்தைப் பிடித்து வைக்கும். மஞ்சள்பச்சை ஃபில்டர் ஒன்று, இலையை ஒரு படி வெளிச்சமாக்கி அடிமரத்தில் இருந்து பிரித்துத் தரும். டிஜிட்டல்காரர் றோவில் (கமரா பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பில்) எடுத்தால் பச்சையையும் மஞ்சளையும் பிறகு கணினியில் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம், ஃபில்டர் தேவையில்லை. போலரைசர் மட்டும் கையில் இருக்கட்டும். மழையில் நனைந்த இலை வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மினுங்கும், போலரைசரைத் திருப்பினால் அந்த மினுக்கம் போய் இலை தெரியும். இதைக் கணினியில் செய்ய முடியாது.

குளக்கட்டு:

மாங்குளம்சந்தி அண்ணை, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். நாலு நாளும் நான் நின்றது மொத்தமாக ஆறு மணித்தியாலம்கூட வராது. விடிய ஐந்தரைக்குப் போவேன், ஏழு மணிக்கு வேலைக்கு ஓட வேண்டும். உங்களுக்கு மூன்று விடியற்காலை என்றால் நாலரை மணித்தியாலம் கையில் இருக்கிறது. போன முறை அந்த மூன்று நாளும் எத்தனை இடத்துக்குப் போனீர்கள்? நினைத்துப் பாருங்கள். முதல் நாள் ஒரு குளம், இரண்டாம் நாள் கடற்கரை, மூன்றாம் நாள் வேறெங்கோ என்று போயிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் முதல் நாள்காரராகத்தான் நின்றிருப்பீர்கள். மூன்று நாளும் ஒரே கட்டில் நில்லுங்கள். மழை எந்தப் பக்கத்தால் வருகிறது, காற்று எப்போது விழுகிறது, எந்த இடத்துத் தண்ணீர் முதலில் அடங்குகிறது என்பது இரண்டாம் நாளே பிடிபட்டுவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு விசயம். வாடைக்காற்று அடிக்கிற நாளிலும் வடக்குக் கட்டுக்குக் கீழே காற்று மறைப்பில் ஒரு துண்டுத் தண்ணீர் ஆடாமல் கிடக்கும். ஒரு வீட்டு வளவு அகலம் இருக்கும், அவ்வளவுதான். அதற்கு அப்பால் முழுக்கச் சுருக்கம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கட்டில் நடந்து பார்த்து, அதற்குள்ளே மரத்தின் பிம்பம் விழுகிற இடத்தில் நின்றால் காற்று நாளும் வீணாகாது. கனகராயன் ஆறு வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது, அதனால் அந்தப் பக்கத்துக் குளங்களில் கட்டு பெரும்பாலும் வடக்குக் கரையில்தான் இருக்கும், இரணைமடுவிலும் அப்படித்தான். மாரிக் காற்றும் அதே பக்கத்தால் வருகிறது. படம் எடுக்கிறவனுக்கு இது ஒரு கொடை.

அலைகரை:

நான் முல்லைத்தீவு. இதுவரை பேசினது எல்லாம் குளமும் மழையும், நான் கடல்நீரேரிப் பக்கம்.

வட்டுவாகல் பாலத்தடியில் ஐந்து வருடமாக மாரியில் எடுக்கிறேன். அங்கே அடுக்கே கிடையாது. தண்ணீர், அதற்கு மேலே வானம், இரண்டும் ஒரே வெள்ளை. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு ஆள் வீச்சுவலையோடு நின்றால்தான் படம். அப்பா மீன்பிடிக்கிறவர், அவர்தான் சொல்லித் தந்தார், வலை வீசுகிறவனைப் பார்க்காதே, அவன் எந்தத் தண்ணீரைப் பார்க்கிறான் என்று பார் என்று. வலைக்காரர் சும்மா வீச மாட்டார்கள். அரை மணித்தியாலம் இடுப்பளவு தண்ணீரில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் நிற்கிற அந்த அரை மணித்தியாலத்தைத்தான் நான் எடுக்கிறேன். வீசுகிற படம் எல்லோரிடமும் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், நந்திக்கடல் பக்கம் வருகிறவர்கள் தயவு செய்து கேளுங்கள். அது 2009இல் என்ன நடந்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே விடியப்புறம் கரையில் வந்து நிற்கிற எல்லோரும் மீன் பிடிக்க வந்தவர்கள் அல்ல. ஒரு அம்மா வருவார், பூ கொண்டுவந்து தண்ணீரில் போடுவார், போவார். மப்பு நாளில் ஒரு வெள்ளைச் சேலை அந்தச் சாம்பலில் எப்படித் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் அதை எடுத்ததில்லை. கமராவைக் கீழே வைத்துவிட்டு அவர் போகும் வரை நிற்பேன். இரண்டாம் வருடம் அவராகவே பக்கத்தில் வந்து என்ன எடுக்கிறாய் பிள்ளை என்று கேட்டார், காட்டினேன். மூன்றாம் வருடம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். இப்போதும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். எல்லாக் காத்திருப்பும் படத்தில் முடிய வேண்டும் என்றில்லை.

பழைய ரோல்:

அலைகரைப் பிள்ளை எழுதினதை இரண்டு முறை வாசித்தேன்.

ஆனையிறவுப் பக்கமும் அப்படித்தான். தலை போன பனைகள் இப்போதும் அங்கங்கே நிற்கின்றன. மப்பு வானத்தில் அந்தத் தூண்கள் தெரிகிற மாதிரி வெயிலில் தெரியாது, வெயிலில் அவற்றின் நிழல் நிலத்தில் விழுந்து கண்ணைக் குழப்பும். நான் அந்தப் பனைகளை இருபது வருடமாக எடுக்கிறேன். ஒவ்வொரு மாரிக்கும் ஒன்றிரண்டு விழுந்துவிடுகிறது.

பாலைப்பழம்:

ஒன்றரைக் கிழமைக்குப் பிறகு வருகிறேன். அண்ணை சொன்னபடி ஒரே இடத்துக்கு ஐந்து நாள் போனேன். எங்கள் வீட்டுப் பின்பக்க வயல்தான். நெல் விதைத்து மூன்று கிழமை, பயிர் ஒரு சாண்கூட இல்லை, வயல் முழுக்கத் தண்ணீர். மப்பு வானம் அப்படியே வயலுக்குள் இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு பாத்தியும் ஒரு வெள்ளித் தட்டு, வரம்பெல்லாம் கறுப்புக் கோடு. தினமும் பார்க்கிற வயல், இப்படி நான் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு மூன்று கிழமையில் பயிர் மூடிவிடும், பிறகு தண்ணீர் தெரியாது. அதனால் அவசரமும் இருந்தது, அவசரப்படாமல் நிற்கவும் வேண்டியிருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது வேறொரு விசயம். வரம்பில் ஒரு பாலை மரம் இருக்கிறது. மூன்றாம் நாள் காற்றோடு ஒரு சின்ன மழை, பத்து நிமிடம்தான். விட்ட பிறகு மரத்துக்குக் கிட்டப் போனேன். மழை வந்த பக்கம் அடிமரம் நனைந்து கரி மாதிரிக் கறுப்பு. மற்றப் பக்கம் காய்ந்தபடி, வெளிறின சாம்பல். இரண்டும் சேருகிற இடத்தில் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது, ஒரு வெடிப்புக்குள் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது, அதுகூடத் தெரிந்தது. தூரத்தில் வந்து பார்த்தால் மரத்துக்கு ஒரு பக்கம் வெயில் அடித்து மறுபக்கம் நிழல் விழுந்த மாதிரி உருண்டு நிற்கிறது! சூரியனே இல்லை. மழை நிழல் போட்டிருக்கிறது. ஓடிப்போய்ப் போனை எடுத்து எடுத்தேன். அடுத்த மழை வந்து முழுமரமும் நனைந்ததும் அந்த உருட்சி போய்விட்டது, திரும்பவும் தட்டை. கால் மணித்தியாலம் இருந்திருக்கும்.

இது எல்லோருக்கும் தெரிந்ததா, இல்லை நான்தான் இப்போது பார்க்கிறேனா? சப்பென்ற படத்துக்குச் சட்டை போட்டதாக எழுதினேனே, இந்தப் படத்துக்கு நிறமே தேவைப்படவில்லை. பார்த்தபோதே கறுப்பு வெள்ளையாகத்தான் பார்த்தேன்.

குளக்கட்டு:

தங்கச்சி, எனக்குத் தெரியாது. பட்ட மரம் நனைந்து கறுத்ததை எழுதினேன், ஒரு பக்கம் மட்டும் நனைகிறதை நான் கவனித்ததே இல்லை. இன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் றோட்டோரத்துப் பனை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனேன், நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் வடகிழக்குப் பக்கம் கறுப்பு. ஏ9 வீதியில் இத்தனை வருடம் போய்வருகிறேன். அந்தப் படத்தைப் போடுங்கள், போன் படம் என்று யோசிக்க வேண்டாம்.

பழைய ரோல்:

எனக்கும் புதிது, முப்பது வருடத்துக்கு மேலாகப் படம் எடுக்கிறவனுக்கு. நன்றி பிள்ளை.

என்டி போட்டு நீளமாக எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு, மறக்க முன்னம் எழுதுகிறேன். மழை இருட்டில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் செக்கன் 1/30க்குக் கிட்ட வரும். ஆறு ஸ்டொப் போட்டால் 2 செக்கன், பத்து ஸ்டொப் போட்டால் அரை நிமிடம். டிஜிட்டலில் அதோடு சரி. பிலிமில் நீள நேரத்துக்கு வேகம் விழுந்துவிடும், கூட்டிக் கொடுக்க வேண்டும். எச்பி5 பிளஸ் பிலிம் என்றால் மீற்றர் 10 செக்கன் சொன்னால் 20 கொடுங்கள், 30 சொன்னால் 86. கழுவுகிறபோது தண்ணீரின் சூட்டையும் பாருங்கள். மருந்துக்கு 20 பாகை என்று போட்டிருப்பார்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாரியிலும் 27க்குக் கீழே இறங்காது. ஐஸ் கட்டியைப் பொலித்தீன் பையில் கட்டி வாளிக்குள் போட்டு அதற்குள் மருந்துப் போத்தலை நிறுத்தி வையுங்கள். கழுவுகிற நேரத்தைக் கூட்டிக் கன்ட்ராஸ்ட் எடுக்கப் போகிறவன் சூட்டைப் பார்க்காவிட்டால் எல்லாக் கணக்கும் பிசகிவிடும்.

ஆனால் நீள நேரம் எடுத்தால்தான் கலை என்று நினைக்க வேண்டாம். அரை நிமிடம் எடுத்தால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும், எல்லாக் குளமும் ஒரே குளமாகிவிடும். இங்கிலாந்துக்காரர் மைக்கல் கென்னா மணித்தியாலக் கணக்கில் திறந்து வைத்து எடுக்கிறவர், அவருக்கு அது சரிவருகிறது, ஏனென்றால் அவர் படத்தில் மிஞ்சுகிற கம்பும் மரமும் அவ்வளவு யோசித்து வைத்தவை. தம்பி 2 செக்கனோடு நிறுத்தினதால்தான் தண்ணீரில் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறது, அது எங்கள் குளம் என்று தெரிகிறது.

மாங்குளம்சந்தி:

வாயடைத்துப் போனேன். மார்கழி நடுவில் வருகிறேன், டிக்கட் போட்டாச்சு. இந்த முறை ஒரே இடம், முடிவு செய்துவிட்டேன். முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுக்குள் கொஞ்சம் இறங்கி, ஆள் போகாத இடமாகப் பார்த்து நிற்கலாம் என்று யோசிக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

குளக்கட்டு:

அண்ணை, ஆள் போகாத இடத்துக்குப் போகவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிதிவெடி எடுக்கிற வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை, சிவப்புக் குறி கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள், பலகை இல்லை என்பதற்காகவும் இறங்காதீர்கள். வெள்ளம் வந்தால் மண் நகரும், 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வரம்பே இடம் மாறிக் கிடந்தது. மாடு போகிற, ட்ரக்டர் போகிற பாதையில் நில்லுங்கள். குளக்கட்டு நல்ல இடம், உயரமும் இருக்கும். விடியப்புறம் யானை நிற்கும், ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் ஓரத்தில் ட்ரைபொட் வைக்கிறபோது முதலையை யோசியுங்கள். இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

அப்புறம் சாமான். குடை வேண்டாம், காற்றில் ட்ரைபொட்டோடு இழுபடும். ஒரு பழைய துவாய், பெரிய சொப்பிங் பை, லென்ஸ் துடைக்கத் துணி மூன்று. குளிரறையில் வைத்த கமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி பிடிக்கும், அரை மணித்தியாலம் முன்னமே எடுத்து வையுங்கள். நனைந்த கமராவைப் பைக்குள் பூட்டிவிட்டுப் படுத்தால் மாரி முடிய முன்னம் லென்ஸுக்குள் பூஞ்சணம் ஏறும். என்னுடைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் அப்படித்தான் போனது.

அலைகரை:

காலுக்கு உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு போங்கள், அட்டை ஏறாது. பிளாஸ்க்கில் தேத்தண்ணி இரண்டு பேருக்குக் காணும்படி கொண்டுபோங்கள். கட்டில் நின்றால் ஐந்து நிமிடத்தில் யாராவது மாடு சாய்த்துக்கொண்டு வந்து என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தால் மழை எப்போது வரும் என்று அவரே சொல்லுவார்.

குளக்கட்டு, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, எப்போது வீட்டுக்குப் போவது என்று. என் கணக்கு இது. நான் பார்த்து நிற்கிற இடத்தில் எதையும் புதிதாகக் காணாமல் கால் மணித்தியாலம் போனால் கிளம்பிவிடுவேன். படம் கிடைக்காததற்காகக் கிளம்ப மாட்டேன். பார்க்கிறது நின்றுபோய், இனி வெறுமனே நிற்கிறோம் என்று ஆனால் கிளம்புவேன்.

குளக்கட்டு:

இதுதான் எனக்கு வேண்டிய பதில். மூன்றாம் நாள் நான் அப்படி வெறுமனே நின்றேன், ஒன்றரை மணித்தியாலம்.

பாலைப்பழம், அந்தப் பாலை மரத்தடிக்கு நான் வரலாமா? வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே இப்போது வடகிழக்கு மூலை கறுத்து வருகிறது, காற்றும் இருக்கிறது.

பாலைப்பழம்:

அம்மாவிடம் கேட்டாச்சு, வாங்கோ அண்ணை. ஐந்தரைக்கு முன்னம் வந்தால் ஒழுங்கை முகப்பில் லைட் போட்டு வைக்கிறோம். அலைகரை அக்காவும் வாங்கோ. வரம்பு வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு வரவேணும். மரத்தின் வடகிழக்குப் பக்கம் இப்போதைக்கு இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.